உடைந்த பொம்மை ஒன்று

நம் வயதில் யாராவது ‘மூட்டு’ என்று ஆரம்பித்தால் போதும், எல்லோருடைய கையும் முழங்காலுக்குப் போய்விடுகிறது. போன வாரம் பூங்காவில் உட்கார்ந்திருந்தபோதும் அப்படித்தான். ஒருவர் எண்ணெய் சொன்னார், ஒருவர் ஊசி சொன்னார், ஒருவர் ஆபரேஷனுக்கு நாள் குறித்தாகிவிட்டது என்று பெண்ணுக்கு வரன் அமைந்த மாதிரி சொன்னார். நான் வாயே திறக்கவில்லை. எனக்கு நன்றாகத் தெரிந்த மூட்டு ஒன்றுண்டு. அது ஒன்றரைச் சாண் உயரமுள்ள ஒரு பிளாஸ்டிக் பொம்மையின் தோள்மூட்டு. பத்து வயதில் அதை நான் ஒட்டினேன். அதைப் பற்றி இதுவரை யாரிடமும் சொன்னதில்லை, பெற்ற பிள்ளைகளிடம்கூட. உங்களுக்கும் என் வயது ஆகிவிட்டதால், கேட்டுவிட்டுச் சிரிக்கமாட்டீர்கள் என்ற தைரியத்தில் எழுதுகிறேன்.

எழுபதுகளின் நடு வருஷங்கள். வெள்ளைக்காரத் துரைமார் ஒவ்வொருவராகச் சாமான் கட்டிக்கொண்டு ஊர் திரும்பிய காலம். எங்கள் தேயிலை எஸ்டேட் சித்திரபுரத்துக்கு மேலே. பஸ்ஸை விட்டு இறங்கி இரண்டு மைல் ஏறவேண்டும். ஒரே கூரையின்கீழ் எட்டு வீடுகள் கொண்ட லயன், அதில் எங்களுடையது கடைசி வீடு. தலைக்கு மேலே பவர்ஹவுஸ் கம்பி போகும்; எங்களுக்கு மண்ணெண்ணெய் விளக்கு. அப்பா நான் நடை பழகும் முன்பே காய்ச்சலில் போய்விட்டார். கொழுந்தெடுத்துக்கொண்டிருந்த அம்மாவுக்குப் பெரிய பங்களாவில் ஆயா வேலை கிடைத்தது. வேலை போனால் வீடும் போகும். இதை எனக்கு யாரும் உட்காரவைத்துச் சொல்லவில்லை. லயனில் பிறந்த பிள்ளைக்கு அது தானாகவே தெரியும்.

பங்களாவில் ஒரு வழக்கம் இருந்தது. அங்கிருந்து எந்தப் பொருள் வெளியே போனாலும் அதற்கு ஒரு சீட்டு வேண்டும். துரைசானி கையெழுத்துப் போட்ட துண்டுத் தாள். காலி ஜாம் பாட்டில், கிழிந்த துவாலை, பழைய செருப்பு, எதுவானாலும் சீட்டு. கேட்டில் வாட்ச்மேன் பொருளைப் பார்க்கமாட்டான், சீட்டைத்தான் பார்ப்பான். அம்மா அந்தச் சீட்டுகளை ஒன்றுவிடாமல் ஒரு தகர டப்பாவில் வைத்திருந்தாள். எங்கள் வீட்டில் சாமான்களைவிடச் சீட்டுகள் அதிகம்.

துரை குடும்பம் கிளம்பிய நாளில் ஆள் போதாமல் அம்மா என்னையும் பங்களாவுக்குக் கூட்டிப்போயிருந்தாள். பழைய பேப்பரைக் கசக்கிக் கொடுக்கிற வேலை எனக்கு. பீங்கான்களுக்கு நடுவே திணிப்பதற்கு. அப்போதுதான் ஹாலில் கணப்புக்கு மேலே இருந்த பலகையில் அவனைப் பார்த்தேன். சிவப்புக் கோட்டு, கரடிமயிர் மாதிரி உயரமான கறுப்புத் தொப்பி, இடுப்பில் முரசு, தூக்கிய இரண்டு கைகளிலும் குச்சிகள். துரையின் மகன் ஊட்டியில் தங்கிப் படித்தான். லீவுக்கு வந்தபோது பெட்டியிலிருந்த துண்டுகளை ஒட்டிச் செய்தது அது. சீமையிலிருந்து இரண்டு சொந்தக்காரர்கள் ஒருவரையொருவர் கேட்டுக்கொள்ளாமல் ஒரே மாதிரிப் பெட்டியை அனுப்பிவிட்டார்களாம். முதலாவதைப் பொறுமையாகச் செய்து வர்ணமும் பூசினான். இரண்டாவதை அவசரமாக ஒட்டி, சலித்துப் போய் வர்ணம் பூசாமலே விட்டுவிட்டான். மற்றவர்கள் வராந்தாவில் பெட்டிக்கு ஆணி அடித்துக்கொண்டிருந்தார்கள். நான் அந்த ஹாலில் தனியாக ஐந்து நிமிஷம் நின்று முரசுக்காரனைப் பார்த்தேன். பிறகு அம்மா கூப்பிட்டாள், போய்விட்டேன்.

சாயங்காலம் அம்மா ஒரு அட்டைப்பெட்டி கொண்டுவந்தாள். உள்ளே அந்த இரண்டாவது பொம்மை, இரண்டு கைகளும் தனித்தனியாக. இடது பாதம் கணுக்காலில் கழன்று கிடந்தது. முன்பாதி ஒன்று, பின்பாதி ஒன்று என்று சேர்த்த உடம்பு. அந்த இரண்டும் விலாவில் வாய் பிளந்திருந்தன. துண்டுகளை முதலில் பிடித்திருந்த பிளாஸ்டிக் குச்சிச் சட்டமும் அடியில் கிடந்தது. கூடவே சீட்டு. துரைசானி கடைசியாகக் கையெழுத்துப் போட்ட சீட்டு அதுவாகத்தான் இருக்கும். ‘உடைந்த பொம்மை ஒன்று’ என்று இங்கிலீஷில் எழுதியிருந்தது. அம்மா அதைத் தகர டப்பாவில் போட்டாள்.

ஜூன் பிறந்ததும் மழை பிடித்துக்கொண்டது. எனக்கு மூச்சிழைப்பு. மழைக்காலம் முழுவதும் பள்ளிக்கூடம் வேண்டாம் என்று டிஸ்பென்சரிக் கம்பவுண்டர் சொல்லிவிட்டார். காலையில் ஃபாக்டரிச் சங்கு ஊதும்போது அம்மா போய்விடுவாள். லயனில் பெண்கள் எல்லோரும் தலையில் சாக்கைக் கவிழ்த்துக்கொண்டு கொழுந்துக்குப் போவார்கள், பிள்ளைகள் பள்ளிக்கூடத்துக்கு. எட்டு வீட்டுக்கும் சேர்த்து நான் ஒருத்திதான். பனி வாசற்படி வரைக்கும் வந்து நிற்கும். தகரக்கூரையில் விழும் மழைச் சத்தத்தில் நானே பேசினால்கூட எனக்குக் கேட்காது. பேசிப் பார்த்திருக்கிறேன். அம்மா இருட்டிய பிறகு வருவாள். “சோறு தின்னியா? மருந்து குடிச்சியா?” இரண்டே கேள்விகள். இரண்டுக்கும் ‘ம்’ என்றால் அன்றைய பேச்சு முடிந்தது. அவள் மேல் தப்பில்லை. புதுத் துரை குடும்பத்தில் கைக்குழந்தை ஒன்று வந்திருந்தது. அதைத் தூக்கித் தூக்கி அவளுடைய தோள் விட்டுப்போயிருக்கும்.

எனவே நான் பொம்மையை எடுத்தேன்.

முதலில் சோற்றுப் பசை. நம் காலத்தில் எதை ஒட்டவேண்டுமானாலும் சோறுதானே. விலாப் பிளவில் சோற்றை வைத்துத் தேய்த்து நூலால் இறுக்கிக் கட்டினேன். மூன்றாம் நாள் பார்த்தால் முரசுக்காரனின் விலாவில் பச்சையாகப் பூஞ்சணம் பூத்திருந்தது. அந்த மழையில் எங்கள் துணியே பூத்தது, சோறு பூக்காதா? அடுத்தது மெழுகுவர்த்தி. சூடாக விட்டபோது இடைவெளி அழகாக நிரம்பியது, ஆறியதும் சுருங்கிக் கலகலவென்று உதிர்ந்தது. சோப்பு, மைதா, மரப்பிசின் என்று ஒவ்வொன்றாகத் தோற்றேன். தோற்பதற்கு எனக்கு நேரம் நிறைய இருந்தது.

வழி தற்செயலாகக் கிடைத்தது. பழைய துரைசானி போட்டுவிட்டுப் போன நகச்சாயப் புட்டிகள் இரண்டும், அந்தச் சாயத்தை அழிக்கிற தண்ணீர் அரைப் புட்டியும் எங்கள் வீட்டில் இருந்தன. அவற்றுக்கும் சீட்டு உண்டு. பொம்மையில் படிந்த மெழுகைத் துடைக்க அந்தத் தண்ணீரைத் தொட்டுத் தேய்த்தேன். மெழுகு போகவில்லை. பிளாஸ்டிக்தான் விரலில் கொழகொழவென்று ஒட்டிக்கொண்டு வந்தது. அழிந்துபோகிறதே என்று முதலில் அழுகை வந்தது. கொஞ்ச நேரம் கழித்துக் காய்ந்த இடத்தைத் தொட்டால் கல் மாதிரி இறுகியிருந்தது. அழுகை நின்றுவிட்டது.

பெட்டியின் அடியில் கிடந்த குச்சிச் சட்டத்தைப் பிளேடால் சின்னச் சின்னதாக நறுக்கி, ஒரு பீங்கான் கிண்ணத்தில் போட்டு, அந்தத் தண்ணீரை விட்டு மூடிவைத்தேன். மறுநாள் கூழ். சாம்பல் நிறத்தில், பொம்மையின் அதே நிறத்தில், அதே பிளாஸ்டிக். ஈர்க்குச்சியால் தொட்டு விலாவில் வைத்தேன். உடனே இறுகிவிடாது, இரண்டு நாள் அடுப்பின் பக்கத்துத் திட்டில் கதகதப்பில் வைக்கவேண்டும். காய்ந்தால் நடுவில் குழிவிழும். அதன்மேல் இன்னொரு பூச்சு, இன்னும் இரண்டு நாள், மறுபடி குழி, மறுபடி பூச்சு. அவசரப்பட்டுத் தடிமனாக வைத்தால் மேலே தோல் கட்டி உள்ளே ஈரம் நிற்கும். ஒருமுறை அப்படிச் செய்து, ஒரு வாரம் கழித்து அழுத்தியபோது பொதுக்கென்று உள்வாங்கியது. எல்லாவற்றையும் சுரண்டி எடுத்துவிட்டு முதலிலிருந்து ஆரம்பித்தேன். கடைசியில் உப்புத்தாளைத் தண்ணீரில் நனைத்துத் தேய்த்தேன்.

வேலை சரியாக இருக்கிறதா என்று பார்க்கவும் ஒரு வழி கண்டுபிடித்தேன். விளக்குச் சிம்னியின் கரியை விரலில் எடுத்துச் சேர்த்த இடத்தில் பூசி, துணியால் துடைத்துவிடுவேன். மயிரிழை அளவு இடைவெளி இருந்தாலும் கரி அதில் தங்கிக் கறுப்புக் கோடாகத் தெரியும். தெரிந்தால் மறுபடி கூழ். அந்தக் கோடு மறைந்த நாளில் நான் லயன் வாசலில் போய் நின்று இரண்டு பக்கமும் பார்த்தேன். சொல்வதற்கு ஒரு ஆள் இல்லை.

கைகள்தான் பெரிய பாடு. தூக்கிய கை, நுனியில் குச்சி வேறு; தோளில் எவ்வளவு கூழ் வைத்தாலும் லேசாகத் தட்டினால் விழுந்துவிடும். வெறும் ஒட்டல் கையைத் தாங்காது, உள்ளே எலும்பு வேண்டும் என்று எனக்கே தோன்றியது. அம்மாவின் கொண்டை ஊசி ஒன்றை எடுத்து, முன்னும் பின்னுமாக வளைத்து வளைத்து ஒடித்தேன். தையல் ஊசியைத் தணலில் பழுக்கவைத்துத் தோளில் ஒரு ஓட்டை, கையில் ஒரு ஓட்டை. கம்பித் துண்டு வழுக்காமல் பிடிக்கவேண்டுமே என்று அம்மிக் கல்லில் அதைச் சொரசொரப்பாகத் தேய்த்து, பாதியைத் தோளிலும் பாதியைக் கையிலும் செருகிக் கூழால் அடைத்தேன். இரண்டு கைக்கு இரண்டு துண்டு, காலுக்கு ஒன்று, கழுத்து ஆடியதால் அதற்கும் ஒன்று. நாலு துண்டு ஊசி. “ஏட்டி, ஊசிய எங்க போட்ட?” என்று அம்மா கேட்டாள். எலி இழுத்துக்கொண்டு போயிருக்கும் என்றேன். நம்பினாள்.

அந்தக் கூழின் நெடியில் என் இழைப்பு இரண்டு மடங்காயிற்று. அம்மா மழையைத் திட்டினாள், கம்பவுண்டர் குளிரைத் திட்டினார், மருந்தைக் கூட்டிக் கொடுத்தார். கிண்ணத்தை யாரும் மோந்து பார்க்கவில்லை. இப்போது நினைத்தால் எனக்கே பயமாக இருக்கிறது.

கடைசியாக வர்ணம். ஐந்து நிமிஷம் பார்த்ததை நினைவில் வைத்துப் பூசினேன். கோட்டுக்கு நகச்சாயச் சிவப்பு, தொப்பிக்கும் காலுக்கும் அடுப்புக்கரியும் எண்ணெயும், இடுப்பு வாருக்குச் சுண்ணாம்பு. மழை விட்டபோது அவன் முழுசாக நின்றான். அம்மா வந்ததும் விளக்கைப் பக்கத்தில் வைத்துக் காட்டினேன். அடுப்பில் ஈர விறகு பற்றாமல் புகைந்துகொண்டிருந்தது. ஊதிக்கொண்டே, திரும்பாமலே, “நல்லாருக்குட்டி” என்றாள்.

மறுநாள் அவனைப் பாதையைப் பார்த்த ஜன்னலில் வைத்தேன். காரணத்தை மறைக்காமல் சொல்கிறேன். போகிற வருகிற யாராவது ஒருவர் நின்று பேசமாட்டார்களா என்றுதான்.

நின்றார் ஒருவர். பங்களா பட்லர். கடை வீதிக்குப் போய் மீன் வாங்கிக்கொண்டு குறுக்குப் பாதையில் வந்தவர், ஜன்னலைப் பார்த்ததும் பையைக் கீழே வைத்தார்.

“ஏ பிள்ள, இது பங்களா சாமானாச்சே?”

“ஆமா மாமா. அம்மைக்குத் தொரசானி குடுத்தது.”

“அது ஒடஞ்சதுல்லா? கை ஒரு பக்கமும் காலு ஒரு பக்கமுமாக் கெடந்துச்சே.”

உடனே ‘நான்தான் ஒட்டினேன்’ என்று சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. ஒட்டியது தெரியவில்லை என்று அவர் வாயால் கேட்கவேண்டும். அதோடு, ரகசியத்தை இன்றைக்கே சொல்லிவிட்டால் நாளைக்கு எதற்கு வருவார்? எனவே அவனை எடுத்து அவர் கையில் கொடுத்து, “எங்க ஒடஞ்சிருக்கு? நல்லாப் பாருங்க” என்றேன்.

அவர் கட்டைவிரலால் தோளைத் தடவினார். விலாவைத் தடவினார். கையை லேசாக இழுத்துப் பார்த்தார். “ஒடயலதான்” என்றார். எனக்குச் சிரிப்புப் பொத்துக்கொண்டு வந்தது. அவர் சிரிக்கவில்லை. பொம்மையைத் திருப்பித் தந்துவிட்டு, பையை எடுத்துக்கொண்டு நடந்தார். அசந்துபோய்விட்டார் மனிதர் என்று எடுத்துக்கொண்டேன். அன்று முழுவதும் எனக்குச் சந்தோஷம்.

அடுத்த நாள் மதியம், வராத நேரத்தில், அம்மா வந்தாள். பின்னாலேயே பட்லர். அம்மா முகத்தில் ரத்தமே இல்லை. “அந்தப் பொம்மைய எடு” என்றாள். தகர டப்பாவைக் கவிழ்த்துச் சீட்டைத் தேடி எடுத்துக்கொண்டாள். வழியில்தான் எனக்கு விஷயம் புரிந்தது. மழை முடிந்து புதுத் துரைசானி சாமான் லிஸ்டை வைத்துக்கொண்டு அறை அறையாகச் சரிபார்த்திருக்கிறார். ஹாலில் இருக்கவேண்டிய முரசுக்காரன் இல்லை. லிஸ்டில் கையெழுத்துப் போட்டவர் பட்லர், பொறுப்பு அவர் தலையில். அந்தச் சமயத்தில்தான் அவருக்கு எங்கள் ஜன்னல் ஞாபகம் வந்திருக்கிறது. கெட்ட மனிதர் இல்லை. அவருக்கும் வேலை இருந்தது, வீடு இருந்தது.

ஹாலில் நின்றோம். ஈரம் போவதற்காகப் பகலிலேயே கணப்பில் தீ போட்டிருந்தார்கள். துரைசானி மலையாளத்துக்காரர், எங்களுக்காகத் தமிழைக் கலந்து பேசினார். சத்தம் போடவில்லை. பொம்மையை மேஜையில் வைத்தார், பக்கத்தில் சீட்டை வைத்தார்.

“இதில் எழுதியிருப்பது உடைஞ்ச பொம்ம. இது உடைஞ்சதாணோ?”

“எம் மக ஒட்டியிருக்காம்மா” என்றாள் அம்மா.

“எவிடே ஒட்டியிருக்கு? காட்டு, மோளே.”

நான் போய் விலாவைக் காட்டினேன். ஒன்றும் தெரியவில்லை. தோளைக் காட்டினேன். தெரியவில்லை. பட்லர் பேனாக்கத்தியால் தோளில் சிவப்பைச் சுரண்டினார். உள்ளே சாம்பல் நிறம், எல்லா இடத்திலும் ஒரே மாதிரி. அதே பிளாஸ்டிக்கைக் கரைத்து அடைத்தவள் நான்தானே. எந்தக் கோடு மறையவேண்டும் என்று மூன்று மாதம் பாடுபட்டேனோ, அதில் ஒரு துளி மிச்சமிருந்தால் போதும் என்று அப்போது வேண்டிக்கொண்டேன்.

“ஒட்டினதென்றால் இளகி வருமே. எடுத்துக் காட்டு” என்றார் துரைசானி.

கையைப் பிடித்து இழுத்தேன், வரவில்லை. திருகினேன், வரவில்லை. பட்லர் வாங்கித் தன் பலத்தைக் காட்டினார். “இல்லம்மா, கெட்டியா இருக்கு” என்றார். அவர் சொன்னது பொய்யும் இல்லை. நான் அவனை வாங்கி வாசற்படிக் கல்லில் ஓங்கி அடித்தேன். உடைந்தது, தொடைக்கு நடுவில். நான் கையே வைக்காத இடத்தில். நான் ஒட்டிய கணுக்கால் அப்படியே நின்றது. உடைந்த வாய் புத்தம்புதுசாக, பசையின் சுவடே இல்லாமல் இருந்தது. துரைசானி அதைப் பார்த்துவிட்டு அம்மாவைப் பார்த்தார்.

“பழைய பொம்மைக்குச் சீட்டு வாங்கி, புதிய பொம்மை எடுத்தல்லோ. சத்யம் பற, சொல்லு.”

அம்மா என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் ஏன் பேசமாட்டேன் என்கிறாள் என்று எனக்கு ஆத்திரமாக வந்தது. பயத்தில் வாயடைத்துவிட்டாள் என்றுதான் நினைத்தேன். அவளுடைய உதடு லேசாகப் பிரிந்தது. அந்த நொடியில் நான் கையிலிருந்த உடம்போடு கீழே கிடந்த காலையும் அள்ளிக் கணப்பில் போட்டேன்.

கறுகறுவென்று புகை. கரி நூல் நூலாகப் பறந்து ஹால் முழுவதும் மிதந்தது. துரைசானி முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு பின்னால் போனார். முரசு முதலில் உருகியது, பிறகு தொப்பி. கைகள் தூக்கியபடியே கொஞ்ச நேரம் நின்று, மெதுவாகத் தொங்கின. மூன்று மாதமாக நான் பேசியதை எல்லாம் கேட்டுக்கொண்டிருந்தவன் அவன் ஒருவன்தான். நான் அழவில்லை, இருமிக்கொண்டிருந்தேன்.

தீ அடங்கியதும் இடுக்கியை எடுத்துச் சாம்பலைக் கிளறினேன். ஒன்று, இரண்டு, மூன்று, நாலு. கறுத்த கம்பித் துண்டுகளை எடுத்துக் கல்தரையில் வரிசையாக வைத்தேன். பட்லர் குனிந்து பார்த்தார். ஒன்றை ஊதி ஆறவைத்து விரலில் உருட்டினார்.

“அம்மா, இது பொம்பளைங்க கொண்ட ஊசி. சீமையில செஞ்ச பொம்மைக்குள்ள இது எப்படி வரும்?” என்றார். பிறகு என்னைப் பார்த்து, “நீ அன்னைக்கே சொல்லிருக்கலாம்லா, தாயி” என்றார்.

துரைசானி மேஜையிலிருந்த சீட்டை எடுத்து அம்மா கையில் கொடுத்தார். “சரி. இன்று வேண்டாம், நாளை வந்தால் மதி, போதும்” என்று அம்மாவிடம் சொல்லிவிட்டு உள்ளே போனார். குழந்தை அழுதுகொண்டிருந்தது. வேலை போகவில்லை, வீடும் போகவில்லை. ஹாலில் இருந்த பொம்மை என்ன ஆயிற்று என்று யாரும் அப்புறம் கேட்கவில்லை. துரையின் மகன் கடைசி நிமிஷத்தில் தன் பெட்டியில் போட்டுக்கொண்டு போயிருப்பான். அவனுடைய பொம்மைதானே. அவனிடம் யார் சீட்டுக் கேட்பார்கள்?

அன்றைக்கு மீதிப் பகல் அம்மா வீட்டில் இருந்தாள். அந்த மூன்று மாதத்தில் ஒரு வாரநாளின் பகலில் அவளைப் பார்த்தது அன்றுதான். வெயில்கூட அடித்தது. வாசற்படியில் உட்கார்ந்து என்னையும் பக்கத்தில் இழுத்துக்கொண்டாள்.

“எப்படிட்டி ஒட்டுன? சொல்லு” என்றாள்.

சொன்னேன். சோறு பூத்ததைச் சொன்னேன், கூழைச் சொன்னேன், சிம்னிக் கரியைச் சொன்னேன். எலி இழுத்துக்கொண்டு போகாத ஊசியையும் சொன்னேன். ஒவ்வொன்றுக்கும் “ஆங்” என்று கேட்டாள். காட்டுவதற்கு மட்டும் பொம்மை இல்லை. அவள் அவனை வெளிச்சத்தில் பார்த்ததே அந்த ஹாலில் நின்ற பத்து நிமிஷம்தான் என்பது சொல்லிக்கொண்டிருக்கும்போதே எனக்குத் தோன்றியது.

நான் சொல்லி முடித்த பிறகு சொன்னாள்:

“எனக்கே சந்தேகமாயிருச்சுட்டி. நானும் பாத்தேன், ஒரு கோடு தெரியல. அன்னைக்கு நீ அந்த ஹாலுல தனியா நின்னேல்லா. பிள்ளதானே, ஆசப்பட்டு எடுத்துருப்பாளோன்னு நெனச்சிட்டேன். நாந்தான் எடுத்தேன்னு சொல்லிருவோம்னு வாயத் தொறந்தேன். அதுக்குள்ள நீ தீயில போட்டுட்ட.”

நான் அவள் கையை உதறிவிட்டு எழுந்து உள்ளே போனேன். பத்து வயதில் எனக்கு அதில் முதல் பாதி மட்டும்தான் கேட்டது. என் அம்மாவே என்னைத் திருடி என்று நினைத்தாள். அவ்வளவுதான் கேட்டது. மூன்று நாள் அவளோடு பேசவில்லை. பிறகு பேசினேன், சோறு தின்றேன், மருந்து குடித்தேன், படித்தேன், கல்யாணம் செய்துகொண்டு மலையை விட்டு இறங்கினேன். ஆனால் எதையும் அவளிடம் முழுசாகச் சொன்னதில்லை. சொன்னால் நம்புவாளா என்று உள்ளே ஒன்று கேட்டுக்கொண்டே இருந்தது.

மறுபாதி எனக்கு மெதுவாகத்தான் கேட்டது. வேலை போகும், வீடு போகும், கழுத்தைப் பிடித்துத் தள்ளாத குறையாக மலையிறக்குவார்கள் என்று தெரிந்துதான் அவள் வாயைத் திறந்திருக்கிறாள். நான் எடுத்தேனா இல்லையா என்று என்னை ஒரு வார்த்தை கேட்கக்கூட இல்லை. எடுத்திருந்தாலும் பரவாயில்லை என்று முடிவுசெய்துவிட்டாள். இது விளங்கும்போது எனக்கு ஐம்பது வயது தாண்டியிருந்தது, அம்மா போய் ஆறு வருஷம் ஆகியிருந்தது.

அவள் இருந்தவரைக்கும் அந்த ஒரு நிமிஷச் சந்தேகத்துக்காக நான் அவளிடமிருந்து ஒரு அடி தள்ளியே நின்றேன். அவள் அதைக் கவனிக்காமல் இருந்திருக்கமாட்டாள்.